பரோக் காலத்தில் குழல் கருவிகளுக்கு அச்சான இசைத் தொகுப்புகள்: எதை நம்பலாம்?

கேள்வி இதுதான்: “ஆல்ட்டோ ரெக்கார்டர் (நேராகப் பிடித்து ஊதும் ஒருவகைக் குழல்) கற்றுக்கொண்டிருக்கிறேன். ஹாண்டல், டெலமான் போன்ற இசையமைப்பாளர்களின் பழைய அச்சுப் பிரதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் முகப்பில் ‘புல்லாங்குழல் அல்லது ஓபோ அல்லது வயலினுக்கு’ என்று போட்டிருக்கிறது. உண்மையில் எந்தக் கருவிக்கு எழுதியது? இந்தப் பிரதிகளை நம்பி வாசிக்கலாமா? எதில் தொடங்குவது?”

முகப்பில் இருக்கும் அந்தக் கருவிப் பட்டியல் பெரும்பாலும் கடைக்காரர் கணக்கு. பரோக் காலத்தில், அதாவது 17-ஆம் நூற்றாண்டிலும் 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும், அரண்மனையிலும் தேவாலயத்திலும் சம்பளத்துக்கு வாசித்தவர்கள் பெரும்பாலும் கையெழுத்துப் பிரதியை வைத்தே காரியத்தை முடித்துக்கொண்டார்கள். காசு கொடுத்து அச்சுப் புத்தகம் வாங்கியவர்களில் பெரும்பங்கு, வசதியுள்ள வீடுகளில் பொழுதுபோக்காக வாசித்தவர்கள். ரெக்கார்டர் வைத்திருப்பவரும் ஓபோ வைத்திருப்பவரும் வயலின் வைத்திருப்பவரும் ஒரே புத்தகத்தை வாங்கினால் பதிப்பாளருக்கு லாபம். அந்த ‘அல்லது’கள் அங்கிருந்து வந்தவை. உண்மையில் எந்தக் கருவிக்கு என்பது உள்ளே இருக்கும் ஸ்வரங்களைப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

நீங்கள் பெயர் சொன்ன ஹாண்டலையே முதலில் எடுத்துக்கொள்வோம். இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இன்று எல்லோரும் ‘ஓபஸ் 1’ (ஓபஸ் என்பது வெளியீட்டு வரிசை எண்) என்று சொல்லும் சொனாட்டாக்களின் (பல பகுதிகள் கொண்ட கருவியிசைத் துண்டுகளின்) முதல் பிரதி முகப்பில் ஓபஸ் எண் எதுவும் கிடையாது. பிரெஞ்சு மொழியில் இப்படிப் போட்டிருக்கிறது: குறுக்குப் புல்லாங்குழல், வயலின் அல்லது ஓபோவுக்கான சொனாட்டாக்கள், பாஸோ கண்டினுவோவுடன் (கீழ்ஸ்தாயித் துணை வரியுடன்), ஜி. எஃப். ஹாண்டல் இயற்றியவை, ஆம்ஸ்டர்டாமில் ழான் ரோஜர் வெளியீடு. ழான் ரோஜர் என்ற அந்தப் பெண் பதிப்பாளர் 1722-லேயே இறந்துவிட்டார். புத்தகம் வந்ததோ 1730 வாக்கில். அச்சானதும் ஆம்ஸ்டர்டாமில் இல்லை. லண்டனில் ஜான் வால்ஷ் என்ற பதிப்பாளர், செத்துப்போனவர் பெயரில் அச்சிட்டு விற்றிருக்கிறார். ஹாண்டல் அப்போது அதே லண்டனில்தான் குடியிருந்தார் என்பது கூடுதல் வேடிக்கை.

1732 வாக்கில் வால்ஷ் அதையே தன் சொந்தப் பெயரில் மறுபடி வெளியிட்டார். முகப்பில் ஒரு குறிப்பு: “இது முந்தைய பதிப்பைவிடத் திருத்தமானது.” அந்தக் குறிப்பில் ‘திருத்தமான’ என்ற ஆங்கிலச் சொல்லிலேயே ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது! திருத்தம் என்னவென்றால், பன்னிரண்டில் இரண்டு வயலின் சொனாட்டாக்களை எடுத்துவிட்டு வேறு இரண்டை வைத்தார். எடுத்த இரண்டும் வைத்த இரண்டும், ஆக நான்குமே ஹாண்டலுடையவையாக இருக்க வாய்ப்பில்லை என்றுதான் இன்றைய ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம். அந்த முகப்பில் ரெக்கார்டர் என்ற பேச்சே இல்லை. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் நான்கு சொனாட்டாக்களின் தலையில் ‘ஃப்ளௌட்டோ’ என்று இருக்கும். அன்றைக்கு வெறுமனே ஃப்ளௌட்டோ என்றாலோ, இங்கிலாந்தில் வெறுமனே ‘ஃப்ளூட்’ என்றாலோ ரெக்கார்டர்தான். பக்கவாட்டில் பிடித்து ஊதும் குழலை ‘ட்ராவெர்ஸா’ என்றோ ‘ஜெர்மன் ஃப்ளூட்’ என்றோ தனியாகச் சொன்னார்கள். இந்த வழக்கம் தெரியாமல் பழைய பிரதியைத் தொட்டால் ஆரம்பமே தப்பாகிவிடும். ஜி மைனர், ஏ மைனர், சி மேஜர், எஃப் மேஜர்: இந்த நான்கும் உங்கள் கருவிக்கே எழுதியவை. முகப்பில் ஏன் சொல்லவில்லை என்றால், 1730-ல் லண்டன் வீடுகளில் ரெக்கார்டர் மோகம் தணிந்து குறுக்குக் குழல் மோகம் ஏறிக்கொண்டிருந்தது. விலைபோகிற பெயரைத்தானே பலகையில் எழுதுவார்கள்.

அதே புத்தகத்தில் குறுக்குக் குழலுக்கு என்று போட்டிருக்கும் பி மைனர் சொனாட்டா ஒன்று இருக்கிறது. ஏழு பகுதிகள் கொண்ட நீளமானது. ஹாண்டலின் கையெழுத்துத் தாள்களில் அது டி மைனரில், ரெக்கார்டருக்காக இருக்கிறது. அச்சுக்குப் போகும்போது மூன்று அரைஸ்வரம் இறக்கிக் குறுக்குக் குழலுக்கு மாற்றிவிட்டார்கள். டி மைனரில் இருந்த ஒரு வயலின் சொனாட்டா இ மைனருக்கு ஏறிக் குழல் சொனாட்டாவாகிவிட்டது. எஃப் மேஜரில் இருந்த ஓபோ சொனாட்டா ஜி மேஜருக்குப் போய் அதுவும் குழல் சொனாட்டாவாகிவிட்டது. இந்த மாற்றங்களை ஹாண்டல் செய்தார் என்பதற்குச் சான்று இல்லை. ஹாண்டலின் கைப்பட எழுதிய தாள்கள் கேம்பிரிட்ஜில் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் இதெல்லாம் வெளியே வந்தது. அங்கேயே பி ஃப்ளாட் மேஜரில் இன்னொரு ரெக்கார்டர் சொனாட்டாவும் இருக்கிறது. அச்சில் வந்த நான்கு, டி மைனர், பி ஃப்ளாட் மேஜர்: ஆக ரெக்கார்டருக்கு ஹாண்டல் எழுதியவை ஆறு.

சரி, கையெழுத்துத் தாள் இல்லாதபோது எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் கீழ் எல்லையைப் பாருங்கள். ஆல்ட்டோ ரெக்கார்டரின் அடி ஸ்வரம் நடு சி-க்கு மேலுள்ள எஃப். அக்கால ஒற்றைச் சாவிக் குறுக்குக் குழலுக்கு அடி ஸ்வரம் டி. ஓபோ நம் நாதஸ்வரம் போல இரட்டைச் சீவாளிக் கருவி. அது நடு சி வரை இறங்கும், ஆனால் அதற்கு அடுத்த சி ஷார்ப் அதில் வராது. ஒரு சொனாட்டா முழுக்க எஃப்-க்குக் கீழே இறங்கவே இல்லை, இறங்க வேண்டிய இடத்தில் திடீரென்று மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறது என்றால் எழுதியவர் மனத்தில் ரெக்கார்டர் இருந்திருக்கிறது. டி வரை சரளமாகப் போய் வந்தால் குறுக்குக் குழல். ஒரே நேரத்தில் இரண்டு ஸ்வரம் வந்தாலோ, நடு சி-க்கும் கீழே பாய்ந்தாலோ வயலின்.

அடுத்து, ஸ்தாயி எல்லையோடு மேஜர் மைனர் தெரிவையும் பாருங்கள். ரெக்கார்டரின் இயல்பான ஸ்வர வரிசை எஃப் மேஜர், அதனால் ஃப்ளாட் பக்கம் சுகமாகப் போகும். ஒற்றைச் சாவிக் குழலின் இயல்பு டி மேஜர். ஜி, ஏ, இ மைனர், பி மைனர் எல்லாம் அதற்குக் கைவந்தவை. ஃப்ளாட் கூடக் கூட அதில் குறுக்கு விரல் பிடிகள் வந்து நாதம் மங்கும். வால்ஷ் ஏன் டி மைனரை பி மைனராக்கினார் என்பதற்கும் காரணம் இதுதான்.

எதிர்ப்பக்கமாகவும் ஒரு வழி உண்டு. குறுக்குக் குழலுக்கு எழுதியதை ரெக்கார்டரில் வாசிக்க வேண்டுமென்றால் மூன்று அரைஸ்வரம் ஏற்ற வேண்டும். அதற்கு மறுபடி எழுதத் தேவையில்லை. இன்று ஜி க்ளெஃப் (ஜி ஸ்வரம் எந்தக் கோட்டில் என்று காட்டும் குறி) கீழிருந்து இரண்டாவது கோட்டில் நிற்கிறது. பிரான்சில் அந்நாளில் குழலிசைக்கு அதைக் கீழ்க்கோட்டிலேயே வைத்தார்கள். டி மேஜரில் உள்ள குழல் பகுதியைப் பார்த்துக்கொண்டே, ஜி கீழ்க்கோட்டில் இருப்பதாகப் பாவித்து, மூன்று ஃப்ளாட் கூட்டிக்கொண்டால் எஃப் மேஜர் வந்துவிடும். கீழ் டி உங்கள் அடி எஃப் ஆகிவிடும். பழக ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும். அப்புறம் குறுக்குக் குழல் புத்தகங்கள் பலவும் உங்களுக்குத் திறந்துவிடும்.

இனி கொஞ்சம் பின்னால் போவோம். கருவி பார்த்துப் புத்தகம் விற்கும் பழக்கம் பரோக்குக்கும் முந்தையது. 1533-ல் பாரிஸ் பதிப்பாளர் பியேர் அத்தேஞ்ஞான் நான்கு குரல் பாடல் தொகுப்பு ஒன்றில், எந்தப் பாட்டு குறுக்குக் குழல்களுக்குப் பொருந்தும், எது ரெக்கார்டர்களுக்குப் பொருந்தும், எது இரண்டுக்கும் பொருந்தும் என்று ‘ஏ’, ‘பி’ எழுத்துகளால் குறியிட்டு விற்றார். பாட்டு பாட்டுதான், குறி விற்பனைக்கு.

17-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வெனிஸ்தான் இந்தத் தொழிலின் தலைமையிடம். டாரியோ காஸ்தெல்லோவின் இரண்டு சொனாட்டாத் தொகுப்புகள் (1621, 1629) அங்கே வந்தவை. ‘நவீன பாணியில்’ என்று தலைப்பிலேயே மார்தட்டிக்கொண்டவை. உள்ளேயும் அதற்குக் குறைவில்லை. இரண்டாம் தொகுப்பின் முதல் இரண்டு சொனாட்டாக்களுக்கு ‘ஒற்றை சோப்ரானோவுக்கு’ என்று மட்டும் போட்டிருக்கிறது. மேல் ஸ்தாயிக் கருவி எதுவோ அது. வயலின்காரர்களும் கார்னெட்டோக்காரர்களும் (கார்னெட்டோ, விரல் துளைகள் கொண்ட ஒரு பழைய ஊதுகருவி) உரிமை கொண்டாடுவதுபோல நாமும் கொண்டாடலாம்; ரெக்கார்டர் கச்சேரிகளில் இன்று அதிகம் கேட்கும் துண்டுகளில் இவை சேர்ந்துவிட்டன.

வெனிஸ் அச்சில் எதிர்பாராத அதிர்ஷ்டம் அடித்தது பசூனுக்கு, அதாவது கீழ்ஸ்தாயி இரட்டைச் சீவாளிக் கருவிக்கு. பார்த்தலோமே தெ செல்மா இ சலவெர்தெ என்ற ஸ்பானியத் துறவி தானே பசூன் வாசித்தவர். 1638-ல் வந்த அவருடைய தொகுப்பில் பசூனுக்கான தனித் துண்டுகள் இருக்கின்றன. 1645-ல் ஜொவான்னி அந்தோனியோ பெர்த்தோலி முழுப் புத்தகத்தையே பசூன் சொனாட்டாக்களுக்குக் கொடுத்தார், மொத்தம் ஒன்பது. ஒரே ஒரு தனிக்கருவிக்கென்று ஒரு முழுச் சொனாட்டாப் புத்தகம் வந்ததில் இதுதான் முதல் என்று சொல்லப்படுகிறது. வயலினுக்கு இல்லை, பசூனுக்கு! தொடர்ந்து யாரும் அதைப் பின்பற்றவில்லை என்பது வேறு கதை.

அதே காலத்தில் நெதர்லாந்தில் வந்த ஒரு புத்தகம்தான் ரெக்கார்டர்காரர்களுக்கு முதல் சொத்து. ஊட்ரெக்ட் நகரத்து மணிக்கூண்டு இசைஞர் யாக்கோப் ஃபான் ஐக், பிறவியிலேயே பார்வையற்றவர், மேட்டுக்குடிக் குடும்பம். மணிகளின் உள்நாதங்களைக் காதால் பிரித்தறியும் திறமை அவருக்கு இருந்தது. மணி வார்ப்பவர்களான ஹெமோனி சகோதரர்கள் மணிகளைத் துல்லியமாகச் சுருதி சேர்க்க வழி கண்டதில் அவருக்குப் பங்குண்டு. இவை போக, கையில் சின்ன ரெக்கார்டர். 1649-ல் அவருடைய சம்பளத்தை 80 கில்டரிலிருந்து 100 ஆக உயர்த்தினார்கள். நிபந்தனை என்ன தெரியுமா? மாலை நேரங்களில் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் உலாவ வருபவர்களுக்கு அவ்வப்போது தன் சின்னக் குழலை ஊதிக் காட்ட வேண்டும்.

அவர் வாசித்தவற்றை ஆம்ஸ்டர்டாமில் பவுலஸ் மத்தைஸ் அச்சிட்டார். முதல் பாகம் 1644-ல் வேறு பெயரில் வந்தது. 1646-ல் இரண்டாம் பாகம். 1649-ல் முதல் பாகம் பெருக்கப்பட்டு மறுபடி வந்தபோது ‘டெர் ஃப்ளௌட்டன் லுஸ்ட்ஹாஃப்’ என்ற இன்றைய பெயர் அதற்கும் வந்தது. குழலின் இன்பத் தோட்டம் என்று பொருள். ஏறத்தாழ 150 துண்டுகள், பெரும்பாலும் துணைக்கருவி இல்லாமல் ஒற்றைக் குழலுக்கு. தனி ஒரு குழலுக்கு ஒரே ஆள் இயற்றியதில் இதைவிடப் பெரிய தொகுப்பு வேறில்லை. எழுதியவரால் பார்க்க முடியாது. அவர் சொல்லச் சொல்ல அல்லது ஊத ஊத யாரோ எழுதியிருக்க வேண்டும். அச்சில் தென்படும் பிழைகளில் சில அந்தக் கைமாற்றத்தில் நுழைந்தவையாக இருக்கலாம்.

புத்தகத்தின் முறை எளிது. ஊரறிந்த ஒரு மெட்டு முதலில் வரும். தெருப்பாட்டு, பைபிள் சங்கீதப் பாடல், நாட்டியம், கச்சினியின் ‘அமாரில்லி’, டௌலண்டின் ‘லக்ரிமே’ என்று எதுவும் இருக்கலாம். பிறகு ‘மோடோ 2’, ‘மோடோ 3’ என்று மாறுபாடுகள். ஒவ்வொன்றிலும் ஸ்வரங்கள் உடைந்து உடைந்து வேகம் கூடும். ஒரு பெரிய ஸ்வரம் இரண்டாக, நான்காக, எட்டாக. ராகம் தாளம் மாறாமல் காலம் கூடிக்கொண்டே போகும். எங்கே மூச்சு விடுவது என்று புத்தகம் சொல்லாது. அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தப் பிரதியின் ஸ்கேனைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஐந்து கோடுகளும் நேராக ஓடாமல் ஸ்வரத்துக்கு ஸ்வரம் சிறிய இடைவெளி விட்டு விட்டு ஓடும். ஒவ்வொரு ஸ்வரமும் தன் பங்குக் கோடுகளோடு வார்த்த தனி ஈய அச்சு. அவற்றை வரிசையாகக் கோத்து அச்சிட்டார்கள். ஸ்வரத் தலைகள் வட்டமாக இல்லாமல் சாய்சதுரமாக இருக்கும். முக்கியமான குறை, வேகமான ஸ்வரங்களை ஒரே கட்டையால் சேர்த்துக் கட்ட முடியாது. மோடோ 4-க்கு வரும்போது ஒவ்வொரு பதினாறாம் ஸ்வரமும் தன் இரட்டைக் கொடியைத் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். எங்கே ஒரு அடி முடிகிறது என்று கண் தடுமாறும். இணைப்பு வளைகோடுகளும் நுண்ணிய அலங்காரக் குறிகளும் கோப்பது பெரும்பாடு. அதனாலேயே அவை இந்த மாதிரி அச்சில் அரிதாக இருக்கின்றன. குறி இல்லை என்பதால் வாசிப்பில் அவை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இதை மாற்றியது உலோகத் தகட்டில் செதுக்கும் முறை. பிரான்சில் இதற்குச் சட்டக் காரணம் ஒன்றும் இருந்தது. எழுத்துக் கோத்து இசை அச்சிடும் உரிமையை அரசர் பல்லார் குடும்பத்துக்கு மட்டும் கொடுத்திருந்தார். தகட்டுச் செதுக்கல் அந்த உரிமைக்குள் வரவில்லை. இசைஞர்கள் அந்த இடுக்கில் நுழைந்து தங்கள் புத்தகங்களைத் தாங்களே செதுக்கி வெளியிட ஆரம்பித்தார்கள். செதுக்கும் கைக்கு வளைகோடும் ஒன்றுதான், ட்ரில் குறியும் ஒன்றுதான். பிரெஞ்சுக் குழலிசையில் அலங்காரக் குறிகள் அவ்வளவு அடர்த்தியாக இருப்பதற்கு ரசனை பாதிக் காரணம் என்றால் தொழில்நுட்பம் மீதிப் பாதி.

மாரேன் மாரேயின் 1692-ஆம் ஆண்டு ட்ரியோக்கள் (மூன்று பகுதித் துண்டுகள்) குழல்களைப் பெயர் சொல்லி அழைத்தன. 1702-ல் மிஷேல் த லா பார் குறுக்குக் குழலுக்கென்றே ஒரு புத்தகம் வெளியிட்டார். இந்த வகைக் குழலுக்கு அச்சில் வரும் முதல் புத்தகம் இது என்று அவரே முன்னுரையில் சொல்லிக்கொள்கிறார். 1707-ல் ஜாக் ஹோத்தெத்தேரின் பாடநூல் வந்தது. குறுக்குக் குழல் முதலில், ரெக்கார்டர் அடுத்து, ஓபோ கடைசியில் கொஞ்சம். விரல் பிடிப்பு அட்டவணைகளோடு. இன்றும் பரோக் குழல் ஆசிரியர்கள் முதல் வாரத்திலேயே கையில் கொடுப்பது அதைத்தான். 1712-ல் ஆன் தனிக்கான் ஃபிலிதோரின் புத்தகம். அதில் ரெக்கார்டருக்கென்று வரும் டி மைனர் சொனாட்டா உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். இதே ஃபிலிதோர்தான் 1725-ல் பாரிஸில் ‘கோன்செர் ஸ்பிரித்துவெல்’ என்ற பொதுக் கச்சேரித் தொடரைத் தொடங்கியவர்.

ஜோசெஃப் போதன் த பூவாமோர்த்தியே பற்றி ஒரு வார்த்தை. 1724-ல் அச்சுரிமை வாங்கி நூற்றுக்கும் மேற்பட்ட ஓபஸ்களை வெளியிட்டார். எல்லாம் வீட்டில் கருவி வாசிப்பவர்களைக் குறிவைத்தவை. குழல், ஓபோ, பசூன், மியூசெட் (துருத்திக் குழல்), எதையும் விடவில்லை. இவ்வளவு எழுதினால் தரம் என்னாவது என்று கேட்டவர்களுக்கு, பணம் வருகிறது என்று பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. அலட்சியப்படுத்தத் தோன்றும். ஆனால் 1727-ல் அவர் வெளியிட்ட ஐந்து குழல்களுக்கான ஓபஸ் 15-ஐ நான்கு நண்பர்களோடு வாசித்துப் பாருங்கள், அந்தப் பணம் நியாயமாகச் சம்பாதித்தது என்று தெரியும். மிஷேல் ப்ளாவேயின் 1732 சொனாட்டாக்கள் வேறு வகையில் பொக்கிஷம்: எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று ஸ்வரங்களின் நடுவே ஒரு சின்ன எழுத்தால் அவரே குறித்திருக்கிறார். அந்தக் காலத்தின் தலைசிறந்த குழல் வித்வான் எங்கே மூச்சு விட்டார் என்பது தாளிலேயே இருக்கிறது! ரெக்கார்டர்காரர்களும் அதைப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

லண்டனில் வால்ஷ் செய்தது மலிவு வியாபாரம். செம்பில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் கையால் செதுக்காமல், மென்மையான வெள்ளீயக் கலப்புத் தகட்டில் எஃகு முத்திரைகளைச் சுத்தியலால் தட்டிப் பதித்தார்கள். வேகம் கூடியது, விலை இறங்கியது. கொரெல்லியின் ஓபஸ் 5 வயலின் சொனாட்டாக்கள் 1700-ல் ரோமில் வந்தன. 1702-லேயே அதன் பிற்பாதி, புகழ்பெற்ற ‘ஃபொல்லியா’ உட்பட, ரெக்கார்டருக்கு மாற்றப்பட்டு வால்ஷ் கடையில் இருந்தது. 1706-ல் ‘டிவிஷன் ஃப்ளூட்’: திரும்பத் திரும்ப வரும் கீழ்வரியின் மேல் ரெக்கார்டர் மாறுபாடுகள். 1717 வாக்கில், வளர்ப்புப் பறவைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் மெட்டுகளைத் தொகுத்த சின்னப் புத்தகமும் லண்டன் கடைகளில் விற்றது. எந்தப் பறவைக்கு எந்த மெட்டு என்று தனித்தனியாகப் பிரித்திருக்கும். சிரிப்பு வரும், ஆனால் சின்ன சோப்ரானினோவில் வாசிக்க அருமையான துண்டுகள்.

வால்ஷுக்குப் போட்டி ஆம்ஸ்டர்டாமின் எத்தியென் ரோஜர், மேலே சொன்ன ழானின் தந்தை. பிரான்சில் புராட்டஸ்டண்டுகளுக்கு இடமில்லாமல் போனபோது வெளியேறியவர். அவருடைய செதுக்கல் அழகு, தாள் தரம் இரண்டும் வால்ஷுக்கு ஒரு படி மேலே. இத்தாலிய இசைஞர்கள் வெனிஸின் பழைய எழுத்துக் கோத்த அச்சை விட்டுவிட்டு அவரிடம் போனார்கள். அல்பினோனியின் ஓபஸ் 7 (1715) ஓபோ கான்செர்ட்டோக்கள் (தனிக்கருவியும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிப்பவை) அங்கே வந்தவை. அலெஸ்ஸாந்த்ரோ மர்செல்லோவின் டி மைனர் ஓபோ கான்செர்ட்டோவும் அந்த நிறுவனத்தின் ஒரு தொகுப்பில்தான் முதலில் அச்சேறியது. பாக் அதை ஹார்ப்சிகார்டுக்கு (அக்காலக் கீபோர்டுக் கருவி) மாற்றியதால் உலகம் அறிந்தது. ரோஜரின் மருமகன் லெ சேன் 1729 வாக்கில் வெளியிட்ட விவால்டி ஓபஸ் 10, குறுக்குக் குழலுக்கு ஆறு கான்செர்ட்டோக்கள். அவற்றில் ஐந்தாவது கையெழுத்துப் பிரதியில் ரெக்கார்டருக்கு இருக்கிறது. ஹாண்டலுக்கு லண்டனில் நடந்ததே விவால்டிக்கு ஆம்ஸ்டர்டாமில் நடந்தது, சந்தை ஒன்றுதான்.

ரோஜர் பட்டியலில் உங்களுக்குக் குழப்பம் தரப்போகும் பெயர் ஒன்று உண்டு, லோயே. ஜான் பாப்டிஸ்ட் லோயே என்று இரண்டு பேர்; இருவரும் கென்ட் நகரத்துக்காரர்கள், ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஒருவர் லியோன் ஆர்ச்பிஷப்பிடம் வேலை பார்த்தவர்; அவருடைய 48 ரெக்கார்டர் சொனாட்டாக்களை ரோஜர் நான்கு ஓபஸ்களாக வெளியிட்டார். மற்றவர் லண்டனில் குடியேறிய ஓபோக்காரர். அவருடைய புத்தகங்கள் வால்ஷ் வெளியீடு. வால்ஷ் முன்னவருடையதையும் மறு அச்சுப் போட்டதால் சிக்கல் கூடியது. நூலகப் பட்டியல்களில் இன்றும் இருவரையும் சேர்த்துக் குழப்பியிருப்பார்கள்.

டெலமானுக்கு வருவோம். அவர் பதிப்பாளரை நம்பவே இல்லை. ஹாம்பர்கில் தானே தகடு செதுக்கி, தானே விளம்பரம் செய்து, தானே விற்றார். 1728-29-ல் ‘டெர் கெட்ரோயெ மியூசிக்-மைஸ்டர்’ என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான்கு பக்க இசை இதழ் நடத்தினார், மொத்தம் 25 இதழ்கள். ஒரு சொனாட்டாவின் முதல் பகுதி இந்த இதழில், அடுத்த பகுதி அடுத்த இதழில். தொடர்கதை உத்தி. ரெக்கார்டருக்கான எஃப் மேஜர் சொனாட்டா, பசூன்காரர்கள் உயிராக மதிக்கும் எஃப் மைனர் சொனாட்டா இரண்டும் இப்படித் துண்டு துண்டாக வந்தவை. எஃப் மைனரை ரெக்கார்டரிலும் வாசிக்கலாம் என்று அவரே அனுமதி கொடுத்திருக்கிறார். டெலமான் ‘அல்லது’ போட்டால் மட்டும் நான் நம்புவேன். எல்லாக் கருவியையும் கையில் எடுத்துப் பார்த்த மனிதர்.

ஆனால் அவருக்கும் முகப்பு விபத்து நேர்ந்திருக்கிறது. துணையில்லாத குழலுக்கு அவர் எழுதிய 12 ஃபாண்டசியாக்கள் ஒரே ஒரு அச்சுப் பிரதியாக பிரஸ்ஸல்ஸ் கன்செர்வட்டரி நூலகத்தில் தப்பியிருக்கின்றன. அதன் முகப்பு சொல்வது: “வயலினுக்கான ஃபாண்டசியாக்கள், பாஸ் இல்லாமல்.” உள்ளே ஒரு இடத்திலும் டி-க்குக் கீழே போகவில்லை, இரட்டை ஸ்வரம் ஒன்றுகூட இல்லை. ஏ மேஜரில் தொடங்கிப் படிப்படியாக ஜி மைனர் வரை, அன்றைய ஒற்றைச் சாவிக் குழலுக்கு எட்டாததையெல்லாம் தவிர்த்துவிட்டுப் போகிறது. குழலிசை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அவருடைய ‘மெத்தடிக்கல் சொனாட்டாஸ்’ (1728, 1732) கிடைத்தால் விடாதீர்கள். மெதுவான முதல் பகுதிகளில் எளிய மெட்டு ஒரு வரியிலும், அதையே அலங்கரித்து வாசிப்பது எப்படி என்பது அதன் அடுத்த வரியிலும் அச்சாகியிருக்கிறது. அதற்குக் கீழே பாஸ். அலங்காரம் வாசிப்பவரின் பொறுப்பு என்று மற்றவர்கள் வெறும் எலும்புக்கூட்டை மட்டும் அச்சிட்ட காலத்தில் இது பெரிய உபகாரம். ஹாண்டலின் மெதுவான பகுதிகளை எப்படி அணுகுவது என்பதற்கும் இங்கிருந்து பாடம் எடுத்துக்கொள்ளலாம்.

முழு மோசடி என்று ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நீங்கள் நிச்சயம் சந்திப்பீர்கள். 1737-ல் பாரிஸில் ‘இல் பாஸ்தோர் ஃபீதோ’ என்ற ஆறு சொனாட்டாக்கள் விவால்டியின் ஓபஸ் 13 என்று வந்தன. மியூசெட், குழல், ஓபோ, வயலின் எதற்கும் ஆகும் என்ற முகப்போடு. எழுதியவர் நிக்கொலா ஷெடெவில், மியூசெட் வாசிப்பவர். தன் கருவிக்குக் கொஞ்சம் மரியாதை தேட விவால்டி பெயரை மாட்டிவிட்டார். பெயரளவில் வெளியீட்டாளராக நின்ற உறவினர் மார்ஷான், 1749-ல் நோட்டரி முன்னிலையில் உண்மையை எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாள் 1990 வாக்கில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குள் இரண்டு நூற்றாண்டுக் குழல் மாணவர்கள் அதை விவால்டி என்றே வாசித்து முடித்திருந்தார்கள். இசை மோசமில்லை, ஜி மைனர் சொனாட்டா உண்மையிலேயே நன்றாக இருக்கும். வாசியுங்கள்; நிகழ்ச்சி நிரலில் மட்டும் ஷெடெவில் என்று போடுங்கள்.

நம்பலாமா என்ற கேள்விக்கு இப்போது நேரடியாக. ஃபிலிதோர், ப்ளாவே, டெலமான் போல இயற்றியவரே மேற்பார்வை பார்த்த பிரதிகளை அப்படியே மேசையில் வைத்து வாசிக்கலாம். வால்ஷ் பிரதிகளை ஒரு நல்ல நவீன ஆய்வுப் பதிப்போடு ஒப்பிட்ட பிறகே வாசிக்க வேண்டும். ஷார்ப் ஃப்ளாட் விடுபடுவது அங்கே சகஜம். பழைய பிரதியில் ஒரு ஷார்ப் பெரும்பாலும் அது நிற்கும் ஸ்வரத்துக்கு மட்டுமே. இன்றுபோல அந்தக் கட்டம் முழுக்க ஓடாது. அதேபோல டி மைனர் துண்டுக்கு ஒரு ஃப்ளாட் போட வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாமல் இருந்தாலும், ஜி மைனருக்கு ஒரே ஃப்ளாட் இருந்தாலும் பிழை என்று எண்ண வேண்டாம். அது அக்கால எழுத்து வழக்கம். பாஸ் வரியின் மேல் இருக்கும் எண்கள் ஹார்ப்சிகார்ட்காரர் எந்த ஸ்வரக் கூட்டைப் (கார்டு) பிடிக்க வேண்டும் என்பதற்கு. அவை பல இடங்களில் குறைவாகவே இருக்கும், அனுபவமுள்ள துணைவர் சமாளித்துக்கொள்வார். ட்ரியோக்கள் தனித்தனிப் பகுதிப் புத்தகங்களாக வந்தவை. ஸ்கேனை இறக்கும்போது எல்லாப் பகுதியும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

தொடங்க ஃபான் ஐக் போதும். துணைக்கருவி வேண்டாம், சோப்ரானோவுக்கு எழுதியது என்றாலும் ஆல்ட்டோவில் அதே விரல் பிடிப்போடு வாசிக்கலாம், சுருதி மட்டும் இறங்கும். கண் தடுமாறினால் முதல் சில துண்டுகளுக்கு நவீன அச்சை வைத்துக்கொண்டு பிறகு பழைய பிரதிக்குப் போங்கள். அடுத்து டெலமானின் எஃப் மேஜர், அதன் பின் ஹாண்டலின் எஃப் மேஜரும் ஜி மைனரும். உடன் கற்பவர் ஒருவர் இருந்தால் பூவாமோர்த்தியேயின் இரட்டைக் குழல் துண்டுகள், க்ளெஃப் மாற்றிப் படிக்கும் பயிற்சிக்கும் அவை ஆகும். ஸ்கேனை அச்செடுக்கும்போது ஒற்றைப் பக்கங்களாக எடுக்காமல், மூலப் புத்தகத்தில் எதிரெதிராக இருந்த பக்கங்களை அப்படியே எதிரெதிராக ஒட்டிக்கொள்ளுங்கள். தகடு செதுக்கியவர்கள் பக்கம் புரட்டும் இடத்தைப் பெரும்பாலும் பார்த்தே வைத்திருக்கிறார்கள். மாற்றி அடுக்கினால் வேகமான பகுதியின் நடுவில் கை தாளுக்குப் போக வேண்டியிருக்கும்.